கடைசிப் பை

அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அடுத்த நிமிடமே தூங்கிப்போவார்கள். கேலி இல்லை, அதுதான் அவருடைய தொழில். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் கண் மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பது அவரைத்தான். கண் திறந்ததும் தேடுவதோ, கத்தி பிடித்த டாக்டரை. பூங்கொத்து, பழக்கூடை, கண்ணீரோடு நன்றி எல்லாம் அந்தப் பக்கம்தான் போகும். 'என்னைத் தூங்க வெச்சாரே, அவர் எங்கே?' என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நர்ஸுகள் அவருக்குத் 'தாலாட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டப்பெயர் வைத்தாவது கூப்பிடுகிறார்களே என்றிருந்தது.

வசதிக்கு ஒரு குறையும் இல்லை. ஏழாவது மாடியில் சொந்த வீடு, கீழே கார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். அதில் மூன்றின் மேல் பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருக்கும். பிரிட்ஜைத் திறந்தால் விளக்கு மட்டும் பளிச்சென்று எரியும். மனைவி பிரிந்துபோய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. "உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாதான் இருக்கு. தனியாவே இருந்துட்டா, உங்களுக்காகக் காத்திருக்கற வேலையாவது மிச்சம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு இறங்கிப் போனாள். அவர் லிஃப்ட் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனிதர்.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு மழைநாள் சாயங்காலம். பெரிய டாக்டர் தனக்கு வந்த பழக்கூடையை, "எனக்குத்தான் சர்க்கரை ஆச்சேப்பா, நீ எடுத்துட்டுப் போ" என்று இவர் தலையில் கட்டிவிட்டார். ஒற்றை ஆள் எத்தனை ஆப்பிள் தின்பது? பழங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது, பழைய தபால் நிலையம் நினைவுக்கு வந்தது. தபால் நிலையம் வேறு இடத்துக்குப் போன பிறகு, அந்தக் கட்டடத்தில் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஒரு கூட்டம் நிற்கும். கடைகளிலும் பேக்கரிகளிலும் விற்காமல் மிஞ்சியதை ஒரு வேன் அள்ளிக்கொண்டு வரும். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பார்கள். அங்கே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று காரை நிறுத்தி இறங்கினார்.

வாசலில் கையால் எழுதிய பலகை. 'யாரும் வரலாம். எதுவும் கேட்கமாட்டோம். குப்பைக்குப் போகாமல் இருந்தால் போதும்.' உள்ளே தபால்தலை விற்ற நீளமான கவுண்டர் அப்படியே இருந்தது. கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு, அதன் மேல் ரொட்டியும் காய்கறியும் பால் டப்பாக்களும் பரப்பியிருந்தார்கள். பழத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. கேட்கக் கூச்சம். இருந்தது ஒரே வரிசை, அதன் வாலில் போய் நின்றுகொண்டார். ஆபரேஷன் தியேட்டர் குளிர் எலும்புக்குள் ஏறும் என்பதால், ஓய்வறையில் போட்டுக்கொள்ள ஒரு பழைய பழுப்பு ஸ்வெட்டர் வைத்திருந்தார். அன்றைக்கு அதைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். முழங்கையில் ஓட்டை. தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிறது.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற பெண்மணியை எல்லோரும் 'டிரைவரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். காலையும் மத்தியானமும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள்; சாயங்காலம் இந்த வேன். இரைச்சலில் பேசிப் பழகிய குரல். ஐம்பது வயது இருக்கும். அவர் முறை வந்ததும் பழப்பையை நீட்டி, "இதை இங்க குடுத்துட்டு..." என்று ஆரம்பித்தார்.

"அட, அதெல்லாம் வேண்டாம்." அவள் பையை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். வெறுங்கையோடு வாங்கக் கூசி, வீட்டில் இருக்கிற எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நீட்டுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். "இது பண்டமாற்றுக் கடை இல்ல சார். உங்க பழத்தை நீங்களே சாப்பிடுங்க. இந்தாங்க." குனிந்து, கவுண்டருக்கு அடியிலிருந்து கட்டி வைத்த ஒரு பையை எடுத்து அவர் கையில் மாட்டினாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்டாள்:

"சாப்பிட்டீங்களா?"

'நான் டாக்டர்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"இல்ல."

அதுவும் உண்மைதான்.

அன்று ராத்திரி ஒரு நாற்காலிக்குச் செய்தித்தாளிலிருந்து விடுதலை கிடைத்தது. பையை அதன் மேல் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். இன்னும் மெத்தென்றிருந்த ரொட்டி, பால், உடையாத பிஸ்கட் பாக்கெட், நல்ல தக்காளி. மிச்சம் மீதி என்கிறார்கள், இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார். ரொட்டி ருசித்ததா, கேள்வி ருசித்ததா என்று அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். வேறு ஊரில் இருக்கிறாள். தம்பியைத் திட்டுவதற்கென்றே ஞாயிறு காலையை ஒதுக்கி வைத்திருக்கிறவள். பேச்சோடு பேச்சாக இவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"டேய், உனக்கென்ன தலையெழுத்தாடா? சம்பளம் வாங்கற கையா அது, வரிசைல நின்னு நீட்டற கையா?"

"அக்கா, யாரும் வரலாம்னு போர்டே போட்டிருக்கு. எடுக்கலைன்னா குப்பைக்குப் போகும். வீணாப் போறதைத் தின்னா என்ன தப்பு?"

"அப்போ குப்பைத்தொட்டியா நீ?"

"எல்லாரும் வாங்கினதுக்கு அப்புறம்தான் வாங்குவேன். கடைசில நின்னுப்பேன். யார் பங்கையும் எடுக்கல. வேணும்னா நன்கொடை அனுப்பிடறேன்."

"காசு குடுக்கறதா இருந்தா கடைல வாங்கித் தொலைய வேண்டியதுதானே! இதுல ரொட்டிக்கா குறைச்சல் உனக்கு? உண்மையைச் சொல்லு. அங்க என்ன இருக்கு?"

உண்மையைச் சொன்னால் அக்கா அழுதுவிடுவாள். "குக்கர் கூப்பிடுது" என்று பொய் சொல்லி போனை வைத்தார். அந்த வீட்டில் குக்கரே கிடையாது என்பது அக்காவுக்கும் தெரியும்.

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் வாரத்துக்குத் தூண்களாயின. காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவார். ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வார். வரிசையின் கடைசியில் நிற்பார். அதுதான் அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்: எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. தனக்குப் பின்னால் யாராவது வந்துவிட்டால், செருப்பைச் சரிசெய்வதுபோல் ஒதுங்கி, அவர்களை முன்னால் விட்டுவிடுவார். கடைசி ஆளுக்குப் பிறகு மிஞ்சுவது எப்படியும் தொட்டிக்குத்தான் போகும். அதை எடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? கணக்கு சுத்தமாக இருந்தது. டிரைவரம்மா குனிந்து அடியிலிருந்து பையை எடுப்பாள். "என்ன ஸ்வெட்டர் சார், சாப்பிட்டீங்களா?" என்பாள். "இல்ல" என்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக அன்று மத்தியானச் சாப்பாட்டைக்கூடச் சில நாள் விட்டுவிடுவார். பொய் சொல்லக்கூடாது பாருங்கள்.

ஒருநாள் அவள், "கையை நீட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க. பஸ்ல பசங்க இப்படித்தான், கேள்வி கேட்டே ஸ்டாப்பிங்கைத் தாண்டிடும்."

தபால்தலைக் கவுண்டரின் மேல் அவர் கையை மடக்கி வைத்து, பைக்குள்ளிருந்து ஊசியும் நூலும் எடுத்து, முழங்கை ஓட்டையை அங்கேயே தைத்தாள். பழுப்பு நூல் இல்லை; பச்சை நூல்தான் இருந்தது. "அசையாதீங்க, குத்திடும்." தினமும் ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவர், ஒரு ஊசிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது, அவளுடைய மூச்சுச் சூடு துணியைத் தாண்டி உள்ளே வந்தது. வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் அவர் அந்த ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நீலக் கோட்டு அம்மாள் மட்டும் இல்லாவிட்டால்.

ஆரம்பத்திலிருந்தே அந்த அம்மாளும் கடைசியில்தான் நிற்கப் பார்ப்பாள். விலை உயர்ந்த நீலக் கோட்டு, பளபளக்கும் ஷூ, உதட்டுச் சாயம், கிட்டே வந்தால் செண்ட் வாசனை. அவருக்கு முகம் சுளித்தது. இவ்வளவு வசதியை உடம்பில் மாட்டிக்கொண்டு இங்கே வந்து நிற்பதற்கு மனசு எப்படி வருகிறது? அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. தன் கதைதான் வேறாயிற்றே.

"நீங்க முன்னாடி போங்க" என்பார் அவர்.

"பரவாயில்ல, நீங்க போங்க."

"இல்லம்மா, நீங்க போங்க."

திருமண வீட்டு வாசலில் சம்பந்திகள் மாதிரி இருவரும் மாற்றி மாற்றி வழிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் அவள் இவருடைய ஸ்வெட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக முன்னால் போய்விடுவாள். கவுண்டரின் மேல் அப்போது பெரிதாக ஒன்றும் இருக்காது. வாடிய கீரை, ஓரம் நசுங்கிய டப்பா. அதை வாங்கிக்கொண்டு போவாள். அவளுக்கு அது போதாதா என்ன என்று இவரும் நினைத்துக்கொள்வார். பிறகு ஒரு செவ்வாய் அவளைக் காணோம். வெள்ளியும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. இனிமேல் கடைசி இடத்துக்குப் போட்டி இல்லை.

சில வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை. முதல் ஆபரேஷன், மணிக்கட்டு எலும்பு முறிவு. வேலை செய்கிற இடத்தில் மயங்கி விழுந்து கையை ஊன்றியிருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னாள். தியேட்டருக்கு வெளியே, வண்டியில் படுத்திருந்தவள் அருகே போய், பழக்கமான கேள்வியைக் கேட்டார். மயக்கம் கொடுப்பதற்கு முன் வயிறு காலியாக இருக்கவேண்டும். அதனால் எல்லோரிடமும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

"நேத்து... இல்ல, முந்தாநாள் சாயங்காலம்."

"நேத்து முழுக்கவா? ராத்திரிக்கு மேலதானே சாப்பிட வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க?"

"அவங்க சொல்றதுக்கு முன்னாடியே..." அவள் சிரிக்கப் பார்த்தாள். வார்டில் கொடுத்த மாத்திரையில் கண் சொருகியிருந்தது. உதட்டுச் சாயம் இல்லாத அந்த முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத்தான் தெரிந்தது, குரலை வைத்து. "நீங்க... 'முன்னாடி போங்க'ன்னு சொல்லுவீங்களே... அவர்தானே?"

அவர் குனிந்து பார்த்தார். வண்டியின் கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்தது நீலக் கோட்டு.

"இங்க வேலை கிடைச்சிடுச்சா உங்களுக்கு?" என்று கேட்டாள். முகமூடியும் பச்சை உடையும் போட்டுவிட்டால் டாக்டரும் ஒன்றுதான், வண்டி தள்ளுகிறவரும் ஒன்றுதான். "நல்லதாப் போச்சு. எனக்குக் கடைல பாதி நாள்தான் வேலை இப்போ. செண்ட் விக்கற இடம்... கோட்டு, லிப்ஸ்டிக் எல்லாம் போட்டே ஆகணும். அது இல்லாம உள்ள விட மாட்டாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கடைசியா நிக்கறவங்களுக்கு டிரைவரம்மா ஒரு பை எடுத்து வெச்சிருப்பாங்க. முதல்ல கட்டற பை. நல்லதெல்லாம் அதுலதான் இருக்கும். நீங்க வர்றதுக்கு முன்னாடி எனக்குத்தான் குடுத்துட்டிருந்தாங்க."

"அப்புறம் ஏன் வரல?" என்று கேட்டார்.

"நான் வந்தா நாம ரெண்டு பேரும் அந்த இடத்துக்குப் போட்டி போட்டு நிக்கணும். எனக்காவது கடைல பேச நாலு பேர் இருக்காங்க. உங்களைப் பார்த்தா... வீட்ல ஒருத்தருமே இல்லாதவர் மாதிரி இருந்தது. உங்களுக்கே போகட்டும்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஊசியைப் போட்டார்.

மிச்சம் என்று நினைத்து அவர் தின்றதெல்லாம் மிச்சமே இல்லை. வரிசையில் ஒருவருக்கும் முன்னால், முதலில் எடுத்து வைத்த பங்கு. ஒதுங்கி ஒதுங்கி நின்றே அவர் முதல் ஆளாக வாங்கியிருக்கிறார்.

மயக்க மருந்து டாக்டர்கள் சாயங்காலம் வார்டுக்கு வந்து நோயாளியை விசாரிப்பது வழக்கமில்லை. அன்று அவர் போனார், ஸ்வெட்டரோடு. கையில் கட்டோடு அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் பேசியது பாதிதான் நினைவிருந்தது.

"செவ்வாய்க்கிழமை அங்க போங்க" என்றார். "பை உங்களுக்குத்தான். எனக்கு இனிமே வேண்டாம்."

"நிஜமா வேலை கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சும்மா. நிரந்தர வேலை."

அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து, அவருக்கு வேறு எதுவும் சொல்ல மனசு வரவில்லை. அவள் விட்டுக்கொடுத்தது ஒரு நல்ல காரியமாகவே அவளிடம் இருக்கட்டும்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தார். ஞாயிறு இல்லாத நாளில் தம்பி கூப்பிட்டதிலேயே அக்கா பாதி பயந்துபோனாள்.

"அக்கா, சாப்பிட்டியா?"

மறுமுனையில் டிவி சத்தம் சட்டென்று நின்றது. பிறகு, "டேய், என்னடா ஆச்சு உனக்கு? நெஞ்சு வலிக்குதா? ஆஸ்பத்திரிலதானே இருக்கே, யாராவது பக்கத்துல இருக்காங்களா?" என்று படபடத்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் கேட்டேன்."

"நீ சும்மா கேட்டதே இல்லையேடா."

உண்மைதான். தொழிலுக்கு வெளியே அவர் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. கட்டின மனைவியிடம்கூட.

வெள்ளிக்கிழமை அவர் கடைசியாகவே நின்றார், கடைசி முறையாக. நேற்று ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டார். நீலக் கோட்டு அம்மாளுக்குப் பை கிடைக்கவேண்டுமானால் டிரைவரம்மாவிடம் சொல்லியாகவேண்டும். அவளைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் தன்னைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சொல்லிவிட்டால் 'சாப்பிட்டீங்களா' போய்விடும். வாரத்தில் இரண்டு தரம், ஒரே ஒரு ஆள் கேட்கிற கேள்வி. ஊமையாக இருந்தால் அது அவருக்கே இருக்கும். வரிசை நகர நகர, அவர் கால் பின்னால் பின்னால் போனது.

"என்ன ஸ்வெட்டர் சார், மூஞ்சி ஏன் பரீட்சை எழுதற மாதிரி இருக்கு?" அவள் குனிந்து பையை எடுத்து வைத்தாள். "சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தப் பையை நீலக் கோட்டு போட்டுட்டு ஒருத்தங்க வருவாங்களே, அவங்களுக்குக் குடுங்க. செவ்வாய்க்கிழமை வருவாங்க."

"யாரு, அந்த செண்ட் அம்மாவா? முன்னாடி பாவம்னு நினைச்சுக் குடுத்துட்டுதான் இருந்தேன். அப்புறம் உங்களையும் அவங்களையும் பக்கத்துல பக்கத்துல பார்த்தேனா, நமக்கே வெட்கமாப் போச்சு. அந்தக் கோட்டை வித்தா நான் ஒரு பஸ்ஸே வாங்கிடுவேன் சார்."

"அவங்ககிட்ட அந்தக் கோட்டைத் தவிர வேற ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வேலைல தெரிஞ்சுது. அதுக்கு மேல கேட்காதீங்க, சொல்லக்கூடாது."

"உங்களுக்கு வேலை இருக்கா?"

"நான் டாக்டர்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும், அவள் சிரிப்பு அப்படியே நின்றது. காலித் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு கேட்டாள்:

"கார் இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"ரெண்டு தெரு தள்ளி."

"தள்ளி" என்றாள் அவள். டாக்டர் என்றது வலிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் வலித்தது என்று முகத்திலேயே தெரிந்தது. "அந்த போர்டை எழுதினது நான்தான் சார். டாக்டர் வரக்கூடாதுன்னு எழுதல. வாங்க, வாங்கிட்டுப் போங்க, குப்பைல கொட்டறதுக்கு உங்க வயித்துல விழுந்தா எனக்குச் சந்தோஷம்தான். ஆனா கடைசில நிக்காதீங்க. அது வெட்கத்துல முன்னாடி வர முடியாதவங்க இடம். அவங்க வர்றப்போ தட்டு காலியா இருந்தா திரும்ப வரவே மாட்டாங்க, அதுக்குத்தான் அந்தப் பை. நீங்க நடுவுல நில்லுங்க. எல்லாரும் நிக்கற மாதிரி."

"நான் நினைச்சது, மிச்சம்னு..."

"நானும் அதே லட்சணம்தான். கோட்டைப் பார்த்து ஒருத்தியை விட்டேன், ஓட்டையைப் பார்த்து உங்களைப் பிடிச்சேன்." அவள் கண் ஸ்வெட்டரின் முழங்கையில், அந்தப் பச்சை நூலில் போய் நின்றது. "வீட்டுக்குப் போய் யோசிப்பேன் சார் நான். இந்த மனுஷன் இன்னிக்கு என்ன பண்றாரோ, குளிருக்குப் போர்வை இருக்கோ இல்லையோன்னு."

தன்னைப் பற்றி இன்னொருவர் தன் வீட்டில் உட்கார்ந்து நினைத்தார் என்று அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்ன அதே நிமிடத்தில் அது போயும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தார். வீட்டில் ஆறு மணிக்கு மேல் சுவர்கள் நெருங்கி வந்தன. காரைத் தபால் நிலையத்து வாசலிலேயே நிறுத்தினார். நடுவில் நின்றார். முன்னால் ஒரு தாத்தா மூட்டுவலியைத் திட்டிக்கொண்டிருந்தார், பின்னால் இரண்டு மாணவிகள் பரீட்சையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முறை வந்தது. நேற்றைய பன் ஒன்று, ஒரு பக்கம் கனிந்த தக்காளி. டிரைவரம்மா அவரைப் பார்த்தாள்; தெரிந்தவர் என்பதற்கு அடையாளமாக ஒரு தலையசைப்பு. "அடுத்தது" என்றாள்.

அவ்வளவுதான். அவர் மெதுவாக வெளியே நடந்தார். வாசல்படி தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் தாழ்ந்தது கேட்டது. திரும்பிப் பார்த்தார். கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து ஒரு துணியில் தொங்கவிட்டபடி நீலக் கோட்டு அம்மாள் கடைசியில் நின்றிருந்தாள். கவுண்டருக்கு அடியிலிருந்து பை வெளியே வந்தது.

"சாப்பிட்டீங்களாம்மா?"

அதே தாழ்ந்த குரல். தனக்கென்றே அளவெடுத்துத் தைத்த கேள்வி என்று அவர் நினைத்திருந்தார். அது அந்த இடத்துக்கு உரியது. அங்கே யார் நின்றாலும் அவர்களுக்கு.

காரில் ஏறப் போனவர், ஏறவில்லை. எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பன் பை மடியில் இருந்தது. ஹாலில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஷட்டர் இறங்கிய சத்தம் தெருமுனை வரை கேட்டது. டிரைவரம்மா சாலையைக் கடந்து வந்தாள். பின்பக்கத்துக் கொட்டகையில் வேனை விட்டுவிட்டால் அவளுக்கும் பஸ்தான். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"காரை வாசல்லயே நிறுத்தியிருக்கீங்க போல."

"ஆமா."

"அப்புறம் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்கீங்க?"

"பஸ்ஸுக்கு இல்ல."

அவள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் களைத்திருந்தது. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போது அந்தக் களைப்பு தெரிந்ததே இல்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?"

"ஏன், ஆபரேஷனா?"

"இல்ல. எனக்கு இப்படித்தான் கேட்கத் தெரியும். வேலைல கேட்டுக் கேட்டு..."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். அந்தக் கேள்வி தன் பக்கம் வந்து அவளுக்கும் பழக்கமில்லை போலிருக்கிறது.

"காலைல. பஸ் எடுக்கறதுக்கு முன்னாடி."

"அவ்வளவு ரொட்டி இருந்ததே அங்க."

"அது நான் எடுக்கறதில்ல. குடுக்கறவ ஒரு தடவை எடுத்துட்டா, அப்புறம் யாருக்குன்னு பை கட்டறேன்னு எனக்கே தெரியாமப் போயிடும்." மடியில் இருந்த அவர் பையைப் பார்த்தாள். "அதையும் நீட்டாதீங்க."

"நீட்டல. அந்த முனைல ஒரு கடை இருக்கு." அவர் கையைக் காட்டினார். "காசு குடுத்துச் சாப்பிடற கடை."

"என் காசை நான்தான் குடுப்பேன்."

"குடுங்க."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுகிறவர் அவளுக்குத் தெரிந்தவர், ஸ்டியரிங் மேல் சாய்ந்துகொண்டு, "என்னம்மா, ஏறலையா? டீசல் உங்க அப்பன் வீட்டுதா?" என்று கத்தினார்.

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். முனைக் கடையின் விளக்கைப் பார்த்தாள். பச்சை நூல் தைத்த முழங்கையைப் பார்த்தாள்.

"நீ போ. நான் அடுத்ததுல வரேன்."

பஸ் போன பிறகு தெரு ரொம்ப அமைதியாகிவிட்டது. அவள் எழுந்து முன்னால் நடந்தாள். இன்னும் கோபம் முழுசாக ஆறவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. அவர் ஒரு எட்டு பின்னால், பன் பையை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போனார். ஏதாவது பேசவேண்டும். அடுத்து என்ன கேட்பது என்று யோசித்து யோசித்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அவர் தொழிலில், இந்தக் கேள்விக்குப் பிறகு எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.